வயல் முழுக்க அழுகியும் எங்கள் ஊருக்குப் பயிர்க்காப்பீடு வரவில்லை; அக்கரை ஊருக்கு வந்தது எப்படி?

முள்ளியாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். விவசாயம் அப்பாதான். சொந்தம் மூன்று மா, சிவன் கோயில் குத்தகை ஆறு மா, ஆக மூன்று ஏக்கர் வரும்.

2024-25 சம்பாவுக்கு சி.ஆர். 1009 நெல், நேரடி விதைப்பு. பயிர் நன்றாகத் தூர் கட்டி நின்ற நேரத்தில் நவம்பர் கடைசி மழை பிடித்துக்கொண்டது. வடிகால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. வரப்பு எது வயல் எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு நான் ஊருக்குப் போனேன். ஒரு தூரைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் வழவழவென்று கையோடு வந்தது, வேர் சேற்றிலேயே நின்றுவிட்டது. நாற்றம் தாங்கவில்லை. தப்பிப் பிழைத்த ஓரிரண்டு திட்டுகளுக்காக அறுவடை மிஷினைக் கூப்பிட்டால் வாடகைக்கே காணாது என்று அப்பா மாட்டை இறக்கிவிட்டார். ஒரு மூட்டைகூட வீட்டுக்கு வரவில்லை.

காப்பீடு நவம்பர் முதல் வாரத்திலேயே பொதுச் சேவை மையத்தில் கட்டியாகிவிட்டது. ஏக்கருக்கு ஐநூறு ரூபாய் சொச்சம், ரசீது கையில் இருக்கிறது. மழை விட்டதும் வி.ஏ.ஓ.வும் வேளாண்துறைக்காரர்களும் வயலுக்கே வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள், முழுப் பாதிப்பு என்று எழுதிக்கொண்டு போனார்கள். அப்புறம் நிவாரணம் என்று கொஞ்சம் வந்தது, அது உண்மை. ஆனால் காப்பீட்டுப் பணம் வரவே இல்லை. கேட்டால் "உங்கள் கிராமம் பட்டியலில் இல்லை" என்கிறார்கள்.

எனக்கு மனசு ஆறாதது இதுதான். ஆற்றுக்கு அக்கரையில் என் சித்தப்பா இருக்கிறார். அவர் வயல் மேடு, ஏக்கருக்கு 25 மூட்டை கண்டார். அவருக்குக் காப்பீட்டுப் பணம் வந்திருக்கிறது. சித்தப்பாவுக்கு வந்ததில் எங்களுக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாம் போனவருக்கு ஒன்றுமில்லை, விளைந்தவருக்குப் பணம் என்றால் இது என்ன கணக்கு?

அப்பா இனிமேல் காப்பீடே கட்டமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் எங்கே கோட்டை விட்டோம்? இனி யாரிடம் கேட்பது?

கறம்பக்குடி மானாவாரி:

பாதிப்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொன்னீர்களா? போனிலோ செயலியிலோ பதிய வேண்டும். வி.ஏ.ஓ. வந்து பார்த்தது மட்டும் போதாது என்று எங்கள் பக்கம் கூட்டத்தில் சொன்னார்கள். நீங்கள் பதியவில்லை என்றால் அதனால்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

வெண்ணாறு:

தம்பி, நான் உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு ஆப்பு அடித்து, கயிறு கட்டி, நெல்லை எடை போட்டு எழுதியது என் வேலையின் ஒரு பகுதி. உங்கள் அப்பாவின் கோபம் நியாயமானது. ஆனால் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படித்து அப்பாவிடமும் சொல்லுங்கள்.

நெல்லுக்கு நாம் கட்டுகிற காப்பீட்டில் மகசூல் இழப்புக்குத் தனி வயல் என்ற கணக்கே கிடையாது. வருவாய் கிராமம்தான் அலகு. கிராமத்தின் சராசரி மகசூல் விழுந்தால் அங்கே காப்பீடு செய்த அத்தனை பேருக்கும் ஒரே விழுக்காட்டில் பணம் வரும். சராசரி விழவில்லை என்றால் யாருக்கும் வராது, உங்கள் வயல் முழுக்க அழுகியிருந்தாலும் சரி. சித்தப்பாவுக்கு வந்ததும் உங்களுக்கு வராததும் இதனால்தான்.

அப்படியானால் வயலுக்கு வந்து போட்டோ எடுத்தார்களே என்றால், அது பேரிடர் நிவாரணத்துக்கான கணக்கெடுப்பு. அது வயல் வயலாகப் பார்ப்பது. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதம் இருந்தால் பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் என்பது அப்போது பேரிடர் நிதியின் விதி. உங்களுக்கு வந்த நிவாரணம் அதுதான். அந்தக் கணக்கெடுப்பு வேறு, காப்பீட்டுக்கான மகசூல் கணக்கு வேறு. இரண்டுக்கும் வருவது ஒரே வேளாண்துறை ஆட்கள் என்பதால் மக்கள் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். வந்த அலுவலர் வரப்பில் நின்றபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போவது பெரிய தப்பு.

காப்பீட்டுக்கான கணக்கு அறுவடைச் சமயத்தில் நடக்கிறது. ஒரு கிராமத்துக்கு நான்கு பரிசோதனை. எந்த சர்வே எண் என்பதை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, குலுக்கல் மாதிரி எண் வந்துவிடும். அந்த வயலுக்குப் போய்த் தென்மேற்கு மூலையில் நிற்க வேண்டும். அங்கிருந்து நீளவாக்கில் இத்தனை அடிவைப்பு, அகலவாக்கில் இத்தனை அடிவைப்பு என்று அதற்கும் எண் உண்டு. நடந்து போய் நிற்கிற இடத்தில் முதல் ஆப்பு. அங்கிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். மூலைக்கு மூலை 7.07 மீட்டர் இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்ப்போம், இல்லையென்றால் சதுரம் கோணலாகி இடம் கூடவோ குறையவோ செய்யும். கயிற்றுக்கு உள்ளே வேர் இருக்கிற தூரெல்லாம் கணக்கில் சேரும். வெளியே வேர்விட்டு உள்ளே சாய்ந்த கதிர் சேராது. அறுத்து, தார்ப்பாயில் அடித்து, தூற்றி, எடை போட்டு, ஈரத்துக்குக் கழித்து எழுதுவோம். இப்போது இதெல்லாம் செல்போன் செயலியில் இடக்குறியீட்டோடு ஏறுகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் ஆளும் கூட நிற்கலாம்.

அந்தச் சதுரத்தில் 10 கிலோ நெல் கிடைத்தால் எக்டேருக்கு 4,000 கிலோ. நம் கணக்கில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 27 மூட்டை. பெரும்பாலும் இந்த நான்கு சதுரங்களை வைத்துத்தான் முழுக் கிராமத்தின் தலையெழுத்தையும் முடிவு செய்கிறார்கள்.

இப்போது பணக் கணக்கு. கடந்த ஏழு வருஷத்தில் நன்றாக விளைந்த ஐந்து வருஷத்தின் சராசரியை எடுப்பார்கள். அதில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு, 80 என்று வைத்துக்கொள்வோம், அதுதான் உத்தரவாத மகசூல். இந்த வருஷச் சராசரி அதற்குக் கீழே எவ்வளவு விழுந்ததோ, காப்பீடு செய்த தொகையில் அந்தப் பங்கு பணமாக வரும்.

அக்கரை ஊரின் ஐந்து வருஷச் சராசரி 5,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் 4,000. இந்த வருஷம் 3,000தான் வந்தது என்றால் கால்பங்கு நட்டம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 என்றால் 9,000 ரூபாய் எல்லோருக்கும் வரும், 25 மூட்டை கண்ட உங்கள் சித்தப்பா உட்பட. உங்கள் ஊர் பள்ளம். அடிக்கடி மூழ்குகிற ஊர் என்பதால் பழைய சராசரியே 4,000 என்று வையுங்கள். உத்தரவாதம் 3,200க்கு இறங்கிவிடுகிறது. நான்கு சதுரத்தில் மூன்று மேட்டுப்பக்கம் விழுந்து 11, 10, 12 கிலோ வந்து, ஒன்று உங்கள் வயல் மாதிரி பூஜ்யம் வந்தால்கூடச் சராசரி எக்டேருக்கு 3,300. உத்தரவாதத்தைத் தாண்டிவிட்டது. ஒரு ரூபாய் வராது.

இந்த எண்கள் நான் விளக்குவதற்காகப் போட்டவை. ஆனால் கணக்கு இப்படித்தான் ஓடும். கடைமடைக்காரனுக்கு இதில் நடக்கிற அநியாயத்தைப் பாருங்கள். அடிமேல் அடி வாங்கிய ஊருக்கு ஏழில் இரண்டு கெட்ட வருஷத்தைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டாலும் மீதி ஐந்திலும் சேதம் இருக்கிறது. அந்தச் சேதமே உத்தரவாத மகசூலைக் குறைத்து, அடுத்த தடவை பணம் வராமல் செய்கிறது. தலைஞாயிறு, முத்துப்பேட்டை மாதிரிக் கடைமடைப் பகுதிகளுக்குத் தனி விதி வேண்டும் என்று நான் பணியில் இருந்தபோதே கூட்டத்தில் பேசியிருக்கிறேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

கறம்பக்குடி நண்பர் 72 மணி நேரம் என்று சொன்னது கல்மழை, நிலச்சரிவு மாதிரி ஓரிடத்தில் மட்டும் நடக்கிற சேதத்துக்கு. அதற்குத் தனி வயலைப் பார்த்துப் பணம் தருவார்கள். வெள்ளம் சூழ்வதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் நெல் தண்ணீரில் நிற்கிற பயிர் என்று 2018இல் நெல்லை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். தண்ணீரில் நிற்பதும் தலைக்கு மேல் தண்ணீர் நிற்பதும் ஒன்றா? டெல்டாவை ஒருதரம் மழைக்காலத்தில் வந்து பார்த்திருந்தால் அப்படி எடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே தம்பி, 2024 நவம்பரில் நீங்கள் 72 மணி நேரத்துக்குள் பதிந்திருந்தாலும் வயல் மூழ்கியதற்காகப் பணம் வந்திருக்காது. அதற்காக உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம்.

இது மாறுகிறது. நெல் வயல் மூழ்குவதையும், காட்டு விலங்கு அழிப்பதையும் தனி வயல் பாதிப்பாகச் சேர்ப்பதாக ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. 2026 காரிஃப், அதாவது குறுவைப் பருவத்திலிருந்து. அதற்கு 72 மணி நேரத்துக்குள் செயலியில் போட்டோவோடு பதிய வேண்டும் என்பது நிபந்தனை. நம் மாவட்டத்துக்கு அரசாணை வரும்போது இந்தப் பிரிவு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். இருந்தால் அப்பா கட்டத்தான் வேண்டும். அவர் வயல் மாதிரிப் பள்ளத்து வயலுக்கு இதைவிட உருப்படியான மாற்றம் வந்ததில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ரசீதை எடுத்து முதலில் வருவாய் கிராமத்தின் பெயரைப் பாருங்கள். நம் பக்கம் வடபாதி, தென்பாதி, முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று ஒரே பெயரில் இரண்டு மூன்று கிராமம் இருக்கும். கணினியில் பட்டியலைத் திறந்து மேலே இருப்பதைச் சொடுக்கிவிட்டால் முடிந்தது கதை. உங்கள் நிலம் பணம் வந்த கிராமத்தில் இருந்து, ரசீது வராத கிராமத்தில் இருந்த வழக்குகளை நானே பார்த்திருக்கிறேன். கோயில் நிலம் வேறு கிராமத்துச் சர்வே எண்ணாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

பெயர் சரியாக இருந்தால், உங்கள் கிராமத்தில் எந்த நான்கு சர்வே எண்களில் பரிசோதனை நடந்தது, எத்தனை கிலோ வந்தது, உத்தரவாத மகசூல் எவ்வளவு என்று வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். அதில் ஒன்றைக் கவனியுங்கள். குலுக்கலில் வந்த வயல் அழிந்துபோயிருந்தால் பூஜ்யம் என்றே எழுத வேண்டும். அறுக்க ஒன்றுமில்லை என்று பக்கத்து நல்ல வயலுக்கு நகர்ந்து போகக்கூடாது. அப்படி நடந்திருந்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர் குழுவில் முறையிடலாம். 14447 என்ற எண்ணிலும் புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

முள்ளியாற்றங்கரை:

ஐயா, ரொம்ப நன்றி. அப்பாவுக்குப் போன் போட்டு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கயிறு கட்டி அறுத்த விஷயம் வந்ததும் "ஆமாம், ஐயனார் கோயில் திடல் பக்கம் ஒருநாள் அறுத்தார்கள், நான் கொள்முதலுக்கு என்று நினைத்தேன்" என்கிறார். ஐயனார் கோயில் பக்கம்தான் எங்கள் ஊரிலேயே மேடான இடம்.

ரசீதைப் பார்த்தேன். சொந்த நிலம் மூன்று மாவும் எங்கள் கிராமத்தின் பெயரில் சரியாக இருக்கிறது. கோயில் நிலத்துக்குத் தனி ரசீது, அதில் பக்கத்துக் கிராமத்தின் பெயர் இருக்கிறது. அது எந்தக் கிராமத்துச் சர்வே எண் என்று அப்பாவுக்கே உறுதியாகத் தெரியவில்லை. குத்தகை தாத்தா காலத்திலிருந்து வருகிறது, வயலைத் தெரியும், எண்ணை யார் பார்த்தார்கள் என்கிறார். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் (எந்தச் சர்வே எண்ணில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற பதிவு) கேட்டிருக்கிறோம்.

செம்பனார்கோயில் சாகுபடி:

தம்பி, அடங்கல் வாங்கும்போது சாகுபடிதாரர் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நானும் குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவள்தான். மயிலாடுதுறை மாவட்டத்தில் எங்கள் பக்கம் பாதிக்கு மேல் கோயிலும் மடமும். பத்திரமாக எழுதிய குத்தகை என்றால் பரவாயில்லை. வாய்மொழிக் குத்தகை என்றால் ஒவ்வொரு பருவமும் போராட்டம்தான். நில உரிமையாளர் அவர் பேரிலேயே காப்பீடு கட்டிவிட்டு, பணம் வந்ததும் "நிலம் என்னுடையதுதானே" என்று சொன்னதைப் பார்த்திருக்கிறேன். சேற்றில் இறங்கியவளுக்கு நட்டம், அவருக்கு இழப்பீடு.

1969இல் வந்த குத்தகைப் பதிவுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி வட்டாட்சியரிடம் குத்தகை உரிமையைப் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் தாத்தா காலத்திலேயே பதிந்திருக்கவும் கூடும், பழைய தகரப் பெட்டியில் தேடிப்பாருங்கள். அது இருந்தால் கோயில் நிர்வாகமும் எதுவும் சொல்ல முடியாது, பொதுச் சேவை மையத்திலும் மறுபேச்சு வராது.

காப்பீடு கட்டும்போது என் வழக்கம் ஒன்று சொல்கிறேன். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளை தட்டச்சு செய்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பேன். பணம் கட்டும் பொத்தானை அழுத்தும் முன்பு கிராமம், சர்வே எண், பரப்பு, வங்கிக் கணக்கு எண் நான்கையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். கடைசி நாள் நவம்பர் 15 என்று இருக்கும்போது 14ஆம் தேதி போனால் கூட்டத்தில் யாரும் படித்துக் காட்டமாட்டார்கள். கடைசித் தேதியைத் தள்ளிவைப்பார்கள் என்று நம்பி உட்காரவும் கூடாது. கட்டுவதற்கு முன்னாலேயே மழை வந்து வயல் மூழ்கிவிட்டால் அப்புறம் கட்டி என்ன பிரயோஜனம்?

வெண்ணாறு:

அம்மா சொன்னது அத்தனையும் சரி. தம்பி, கோயில் நில ரசீதில் பக்கத்துக் கிராமம் என்கிறீர்களே, அந்தக் கிராமத்துக்குக் காப்பீடு வந்ததா என்று பாருங்கள். வந்திருந்து, சர்வே எண்ணும் அங்கேதான் என்றால் உங்கள் ஆறு மாவுக்குப் பணம் வர வேண்டியது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு விட்டுப்போயிருந்தாலும் பணம் திரும்பிவிடும், அதையும் வங்கியில் கேளுங்கள். சர்வே எண் உங்கள் ஊர்தான், ரசீதுதான் தப்பு என்றால் அது வேறு மாதிரிச் சிக்கல். அடங்கல் கைக்கு வந்ததும் இங்கே எழுதுங்கள், அதற்கேற்ப மனு எழுதித் தருகிறேன்.

இன்னொன்று விட்டுப்போய்விட்டது. நடுப்பருவத்திலேயே கிராமத்தில் எதிர்பார்க்கும் மகசூல் பாதிக்குக் கீழே போய்விடும் என்று தெரிந்தால், அறுவடைக்குக் காத்திருக்காமல் வரக்கூடிய இழப்பீட்டில் 25 விழுக்காடு வரை முன்பணமாகத் தர விதி இருக்கிறது. அதற்கு மாவட்ட நிர்வாகம் கூட்டு ஆய்வு நடத்தி அறிவிக்க வேண்டும். தனி ஆள் கேட்டு வராது, ஊரே சேர்ந்து எழுத வேண்டும். தண்ணீர் நிற்கும்போதே, வடிவதற்கு முன்பே, ஊராட்சித் தலைவரும் விவசாயிகளும் கையெழுத்துப் போட்டு ஆட்சியரிடம் கொடுங்கள். மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பதிவேட்டில் ஏறும், பதில் சொல்லியாக வேண்டும்.

அறுவடைப் பரிசோதனை எந்தத் தேதி, எந்த சர்வே எண் என்று தை பிறக்கும் முன்பே வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றைக்கு ஊரிலிருந்து நான்கு பேராவது போய் நிற்க வேண்டும். யாரோடும் சண்டை வேண்டாம். தென்மேற்கு மூலையில் தொடங்குகிறார்களா, மூலைக்கு மூலை அளந்து பார்க்கிறார்களா, தராசில் என்ன எடை காட்டியது, செயலியில் என்ன எடை ஏறியது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். ஊர்க்காரர்கள் நிற்கிற இடத்தில் எங்கள் ஆட்களும் இன்னும் கவனமாகத்தான் அளப்பார்கள். உங்கள் அப்பா அன்றைக்கு அங்கே இருக்க வேண்டும், ஐயனார் கோயில் திடலாக இருந்தாலும் சரி.